எத்தனை தப்பு வரும்?

"ம்" என்றாள் பவுன். தூக்கலாம் என்பதற்கான அந்த ஒற்றைச் சத்தத்துக்காகத்தான் கிரிஜா காத்திருந்தாள். தாய் இடது பக்கமும் மகள் வலது பக்கமும் பிடித்து மானிட்டரைத் தூக்கினார்கள். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஒருக்களித்து நகர்ந்து, சமையலறை மேஜையில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

புணே பக்கத்தில், தேஹு ரோடு குவார்ட்டர்ஸில் அந்த வீட்டில் எர்த் ஒழுங்காக இருந்த ஒரே பிளக் சமையலறையில் இருந்தது. ஆனால் அடுப்பு எரியும்போது கம்ப்யூட்டர் அங்கே இருக்கக்கூடாது, எண்ணெய்ப் புகை பட்டால் பாழாகிவிடும் என்பது பவுனின் சட்டம். அதனால் தினமும் சாயங்காலம் அது சமையலறைக்குப் போகும், சமையலுக்கு முன்னால் படுக்கையறைக்குத் திரும்பும். கிரிஜா தனியாகவே தூக்கிவிடுவாள். பவுன் விடமாட்டாள். "போட்டு ஒடச்சிட்டா உங்கப்பாவா வந்து வாங்கிக் குடுப்பாரு?" அப்பா ஜெகதீசன் சுவரில் படமாக இருந்தார்.

அன்று வியாழக்கிழமை. இருவரும் சேர்ந்து தூக்கியது அதுவே கடைசி.

பவுன் அங்கே ராணுவத் தளவாட டெப்போவில் பியூன். கணவன் வேலையில் இருக்கும்போதே இறந்ததால் கிடைத்த வேலை. ஃபைல்களை ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குக் கொண்டுபோவாள். மழைக்காலத்தில் குடையை ஃபைலுக்குப் பிடித்துவிட்டுத் தான் நனைவாள். குடியாத்தத்தில் பத்தாவது முடித்தவள். டைப்பிங் பரீட்சை தேறினால் கிளார்க் ஆகலாம். மூன்று தடவைதான் எழுத விடுவார்கள். இரண்டு போய்விட்டது. மூன்றாவது, வரும் திங்கட்கிழமை.

ஆங்கிலம் அவளுக்குப் பேச வராது, அடிக்க வரும். எதிரே உள்ள தாளில் எழுத்தைத்தான் பார்ப்பாள், அர்த்தத்தைப் பார்க்கவே மாட்டாள். "படிக்க ஆரம்பிச்சா கை நின்னுடும்டி. எறும்பு போறத பாத்துக்கினு பின்னாடியே போற மாதிரி போவணும்." மனதில் கவலை வந்தால் விரலில் தெரியும். ஷேர் ஆட்டோவில் முன்சீட்டுக் கம்பியில் விரல்கள் ஓடும். சாப்பிடும்போது இடது கை தட்டின் விளிம்பில் தனியாக அடித்துக்கொண்டிருக்கும். ஒருமுறை துக்க வீட்டில், இறந்தவரின் மனைவி கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோதே, அந்த அம்மாளின் புறங்கையில் ஒரு முழு வரி அடித்துவிட்டாள்.

கிரிஜாவுக்குப் புணேயில் என்ஜினீயரிங் கடைசி வருடம். கம்ப்யூட்டர், அங்கே தப்கீர் கல்லி என்ற எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தது. கல்லூரி ப்ராஜெக்டுக்கு அவள் ஒரு ப்ரோக்ராம் எழுதினாள். அடிப்பவரின் விரல் எந்த எழுத்தில் தயங்குகிறது, எதற்குப் பின்னால் எது தவறுகிறது என்று அது கவனிக்கும். கவனித்ததிலிருந்து தானே கற்றுக்கொண்டு மறுநாள் பாடத்தை அமைக்கும். அது பாதிதான். மீதிப் பாதி ஒரு கேள்வி. பாடம் தொடங்கும் முன், ஆங்கில எழுத்தில் தமிழாக, திரையில் வரும்: "இன்னிக்கு எத்தனை தப்பு வரும்?" பவுன் ஒரு எண்ணைப் போட வேண்டும். அடித்து முடித்ததும் யூகத்தையும் உண்மையையும் அது அருகருகே காட்டும். இரண்டும் நெருங்க நெருங்க ப்ரோக்ராம் ஒதுங்கிக்கொள்ளும். அடுத்த பாடத்தை அடிப்பவரே தேர்ந்தெடுக்கலாம். கடைசியில் அது வாய் திறக்காமல் நேரம் மட்டும் பார்க்கும். தன் கை தனக்கே தெரிந்துவிட்டால் வாத்தியார் எதற்கு என்பது கிரிஜாவின் கணக்கு.

பவுன் அதற்கு நாத்தனார் என்று பெயர் வைத்தாள். "நேத்து பண்ண தப்ப இன்னிக்கு எடுத்து முன்னாடி வெக்கிறா பாரு. உங்க அத்தையேதான். அவளாவது தீபாவளிக்கு ஒரு வாட்டி வருவா. இவ தெனமும் வர்றா."

முதல் சில நாட்கள் நாத்தனார் ஏமாந்தது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் பவுன் தயங்குவதைப் பார்த்து, அங்கே வந்த எழுத்துகள் எல்லாம் அவளுக்கு வராதவை என்று முடிவு கட்டியது. கிரிஜா ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வரி முடியும் இடத்தில் தலை லேசாகச் சாய்ந்தது. பவுன், தான் பழகிய டைப்ரைட்டரின் மணிக்காகக் காத்திருந்தாள். மணி அடிக்காமலே இடது கை அந்தரத்தில் எழுந்து, அடுத்த வரிக்கு நகர்த்தும் அந்த இல்லாத கம்பியைத் தள்ளப் போய்த் திரும்பியது. கிரிஜா வரிக்கடைசியில் ஒரு 'பீப்' சேர்த்தாள். "இப்பதான் இது மிஷினு" என்றாள் பவுன்.

யூகம் மட்டும் திருந்தவில்லை. முப்பது என்று போடுவாள். எட்டு வரும். மறுநாளும் முப்பது.

"அம்மா, கம்மியா போடு நா. உனக்கே தெரியுது நா, அவ்ளோ வராதுன்னு."

"கம்மியா போட்டு ஜாஸ்தியா வந்தா?"

"வந்தா வரட்டும். யாரு பாக்கறா? கோயி தேக்தா ஹை க்யா?"

"நான் பாக்கிறேன் இல்ல?"

காரணம் பேடா. முதல் தடவை பரீட்சை எழுதிவிட்டு வந்த பவுன், கை ஓடிய ஓட்டத்தில் மயங்கி, பஜாரில் பால் பேடா வாங்கி ஆபீஸில் ஒவ்வொரு மேஜையிலும் வைத்தாள். "பக்கா பாஸ்" என்று சொல்லிச் சொல்லி வைத்தாள். முடிவு வந்தபோது அவள் பெயர் இல்லை. ஹெட்கிளார்க் கிருஷ்ணஸ்வாமி கெட்டவர் இல்லை. ஆனால் நாக்கு சும்மா இருக்காது. "பவுனம்மா, பேடாவை என்ன பண்றது? திருப்பித் தரணும்னா கஷ்டமாச்சே!" பிரிவே சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள். அதற்குப் பிறகு எதைப் பற்றியும் நல்லபடியாக நடக்கும் என்று அவள் வாயால் சொன்னதில்லை. பால் காய்ச்சினால்கூட "திரிஞ்சிடும்னுதான் நெனைக்கிறேன்" என்றுதான் அடுப்பில் வைப்பாள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. இரண்டாம் தடவை அவளைக் கவிழ்த்தது எண்கள். தாள் முழுக்கத் தேதியும் தொகையுமாக வந்து, விரல்கள் மேல் வரிசையில் வழி தெரியாமல் நின்றுவிட்டன. எண்களுக்கான பாடம் ப்ரோக்ராமில் இருந்தது. ஆனால் யூகமும் உண்மையும் நெருங்கினால்தான் அது திறக்கும். முப்பது போடுகிறவளை, தன்னைத் தானே அறியாதவள் என்று எண்ணி, நாத்தனார் பழைய பாடத்தையே திரும்பத் திரும்பக் கொடுத்தது. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு லைன் மாத்தினா போதும்மா. நம்பர் லெசன் ஓப்பன் ஆயிடும். நான் பண்றேன்."

"கைய எடு." பவுன் கீபோர்டின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து மறைத்தாள். "நீ தொறந்து வுட்டா, நான் தொறந்ததா ஆவுமா? அங்க வந்து நீயா அடிக்கப்போற?"

அந்த வியாழக்கிழமையும் கேள்வி வந்தது. பவுன் ஈர விரலைப் புடவையில் துடைத்தாள். திரையைப் பார்த்தாள். சுவரில் இருந்தவரைப் பார்த்தாள். பிறகு, கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல், ஒரே ஒரு தட்டுத் தட்டிக் கையை இழுத்துக்கொண்டாள். திரையில் ஆறு.

கிரிஜா அம்மாவையே பார்த்தாள்.

"இன்னாடி பாக்குற? ஆறுதான். பேடா ஒண்ணும் வாங்கல, பயப்படாத."

வழக்கமான பாடம் திறந்தது. முதல் எழுத்தில் விரல் வைப்பதற்குள் மின்சாரம் போயிற்று. வியாழக்கிழமை காலையில் நிறுத்துவது வழக்கம். அன்று என்னவோ சாயங்காலமும் நிறுத்தினார்கள். இருட்டில் பவுனின் குரல் மட்டும் வந்தது.

"நான் போட்டது போயிட்சா?"

"இல்லம்மா. நீ போட்டதும் சேவ் ஆயிடும்."

"ஆறுன்னே இருக்குமா?"

"ஆறுன்னேதான் இருக்கும்."

"அப்ப வுடு. கரண்ட் வந்தா பாத்துக்கலாம். நாளைக்கு ஷபானாகிட்ட மிஷின எடுத்துக்கினு வந்துட்றேன். ரெண்டு நாள் அதுலயும் அடிச்சிப் பாக்கணும்." பரீட்சை எழுதுபவரே டைப்ரைட்டரைக் கொண்டுபோக வேண்டும். பஜாரில் டைப்பிங் சென்டர் நடத்தும் ஷபானாவிடம் நாலாம் நம்பர் மிஷினைச் சொல்லி வைத்திருந்தாள்.

மானிட்டரை இருட்டில் தூக்க அவள் சம்மதிக்கவில்லை. அதன் மேல் துண்டைப் போட்டு மூடி, சட்டத்தை ஒருநாள் தளர்த்தி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் உப்புமா கிண்டினாள். கிண்டாத கை மேஜை விளிம்பில் அடித்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை டெப்போ வராந்தாவில், ஃபைலுடன் போய்க்கொண்டிருந்தவள் சுவரோரம் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. இதயம் என்றார்கள். கிருஷ்ணஸ்வாமிதான் வீட்டுக்கு வந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல் ஒன்றையே திரும்பச் சொன்னார். "ஃபைலைக் கீழ விடலைம்மா. மடியில வெச்சுண்டிருந்தா. நாங்கதான் எடுத்தோம்."

திங்கட்கிழமை வந்து போயிற்று. மானிட்டர் சமையலறையிலேயே இருந்தது. கிரிஜா ஒருநாள் துண்டை எடுத்துவிட்டு அதைப் போட்டாள். கேள்வி, யூகம், ஆறு. பக்கத்துக் கட்டம் காலி. கர்சர் பாடத்தின் முதல் எழுத்தில் மின்னிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டு, பஜாருக்குப் போனாள்.

நாலாம் நம்பர் மிஷின் ஷபானாவின் சென்டரில், வாசல் பக்கத்துப் பெஞ்சின் மேல் இருந்தது. புது ரிப்பன் போட்டிருந்தாள்.

"அக்கா வெள்ளிக்கெழம வரேன்னாங்க" என்றாள் ஷபானா. ஆம்பூர்க்காரி. "எடுத்து வெளிய வெச்சேன். திரும்ப உள்ள வெக்க மனசு வரல. மணி கொஞ்சம் முன்னாடியே அடிக்கணும்னு சொன்னாங்க. அதுவும் வெச்சிட்டேன்." பிறகு தயங்கினாள். "உள்ள வெச்சிரவா, கிரிஜா?"

"வேணாம். எடுத்துட்டு போறேன்."

"ரொம்ப வெய்ட்டு. இரு, ரிக்‌ஷா கூப்பிடறேன்." ஷபானா தெருவில் இறங்கினாள்.

கிரிஜா குனிந்து மிஷினின் வலது பக்கத்தின் அடியில் இரண்டு கைகளையும் கொடுத்தாள். வலது பக்கம் மட்டும். இரும்பு சில்லென்றிருந்தது. அவள் தூக்கவில்லை. இடது பக்கத்தைப் பார்த்தபடி, "ம்" என்று கேட்பதற்காக, அப்படியே குனிந்து நின்றாள்.