புரட்டாசியில் ஒரு ஒயின் விருந்து

மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து சிவப்பு ஒயின் வாங்கி வந்திருந்தார். யாருக்கும் தெரியாத திராட்சை வகையாம். அதனால்தான் விலை அதிகமாம். கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, "எப்படிங்க மாமா?" என்றார். அருமை என்றேன். மாப்பிள்ளை அல்லவா.

உண்மையில் அதில் ஒரு புளிப்பு வாடை. பட்டுக்குச் சாயம் ஏற்றும் அண்டாவில் ஆசிட் விட்டதும் எழுமே, அதே வாடை. முனுசாமி அண்ணன் நினைவுக்கு வந்துவிட்டார். ஆரணியில் நான் பட்டுக்கடை வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்குச் சாயம் போட்டவர். விரல்களில் எப்போதும் நேற்றைய நிறம் இருக்கும்.

அந்த வருஷப் புரட்டாசியில் வியாபாரம் படுத்து, முதலாளியின் தறிகளில் பாதி நின்றுவிட்டன. அப்போது ஒரு பெங்களூர்க்காரர் பாட்டிலோடு வந்தார். திராட்சைத் தோட்டமும் விடுதியும் வைத்திருந்தவர். விடுதிப் பெண் ஊழியர் அத்தனை பேருக்கும் தம் ஒயின் நிறத்திலேயே பட்டுப்புடவை வேண்டுமாம். ஆர்டர் கிடைத்தால் தறி ஓடும். முதலாளி வீட்டில் விருந்து; நிறம் பார்க்க முனுசாமி அண்ணனையும் அழைத்திருந்தார்.

"இதுக்கு மட்டன்தான் ஜோடி" என்றார் விருந்தாளி. புரட்டாசியில் அந்த வீட்டுக்குள் முட்டைகூட நுழையாது. ஒயினைப் பற்றி மட்டும் முன்னோர் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. "திராட்சைதானேங்க, சாமிக்கே வைக்கிறோம்" என்று முதலாளியம்மா தீர்ப்புச் சொல்லி, வத்தக்குழம்பை ஊற்றினார். காபி டம்ளரில் ஒயின். முதலாளி ஒரு வாய் குடித்து, கண்ணில் நீர் முட்ட, "அமிர்தம்" என்றார். சம்பளம் வாங்குகிறவன் வேறென்ன சொல்வேன்? எனக்கும் அமிர்தம்தான்.

முனுசாமி அண்ணன் மடியிலிருந்து வெள்ளைப் பட்டு நூலை எடுத்து டம்ளரில் முக்கினார். தண்ணீரில் அலசினார். நூல் வெளுத்துப் போனது. மிச்ச ஒயினைக் குடித்துப் பார்த்தார்.

"சாயம் மேலயே உக்காந்துகினு கீதுங்க, உள்ள எறங்கல. வாய்க்கும் நல்லா இல்ல. மோர் கீதாம்மா?"

போச்சு, தறியெல்லாம் போச்சு என்று நினைத்தேன். முதலாளி என்னை முறைத்தார். அண்ணனை முறைக்க அவருக்குத் தைரியம் இல்லை.

விருந்தாளி அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க புடவைச் சாயம் நிக்குமா?"

"நிக்கலன்னா நானே சொல்லிடுவேங்க" என்று அண்ணன் மோர்ச்சோற்றைப் பிசைந்தார்.

ஆர்டர் அங்கேயே கிடைத்தது. ஒரே நிபந்தனை: ஒயினைக் குறை சொன்னவரேதான் சாயம் போட வேண்டும்.

அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். கடை இப்போது என் பொறுப்பு. "சாயம் போகாதுங்களே?" என்று புடவை வாங்க வருகிறவர்கள் கேட்கிறார்கள். "கேரண்டிங்க" என்கிறேன், புடவையைப் பிரிப்பதற்கு முன்பே.