என் மக தானா நடந்து வந்த நாள்

போன வருஷம் தவக்காலம் ஆரம்பிச்ச சமயத்துல என் மக ஸ்டெல்லா தலை சீவறதை விட்டுட்டா. அப்புறம் பள்ளிக்கூடம் போறதை விட்டா. அப்புறம் பேச்சும் நின்னு போச்சு. பதினஞ்சு வயசு. நான் சட்டை பட்டனை மாத்திப் போட்டாக்கூட தெரு முழுக்கச் சொல்லிச் சிரிக்கிற பிள்ளை. சுவத்தைப் பார்த்துப் படுத்துக்கிச்சு.

என் பேரு ஆரோக்கியசாமி. செஞ்சிக்கும் அனந்தபுரத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டறேன். வாராவாரம் ஜெபத்துக்குக் கூடற இந்த அன்பியக் கூட்டத்துல எல்லாருக்கும் என்னைத் தெரியும். ஆனா என் வீட்ல நடந்தது யாருக்கும் தெரியாது. தெரியாம நானே பார்த்துக்கிட்டேன். இன்னிக்கு ஸ்டெல்லாகிட்ட கேட்டுட்டுத்தான் பேச வந்தேன். "சொல்லு நைனா, ஆனா அழுதுடாத"ன்னு சொல்லி அனுப்பியிருக்கா.

முதல்ல மொபைல்தான் காரணம்னு நினைச்சுப் பிடுங்கி வெச்சேன். அப்புறம் பரீட்சை டென்ஷன்னு நினைச்சேன். என் தங்கச்சி காத்து கருப்புன்னா. என் மனைவி அமலி மட்டும்தான் ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா. இங்கயே அரசு ஆஸ்பத்திரியில செவ்வாய்க்கிழமை மனநல டாக்டர் வராங்கன்னு விசாரிச்சுட்டும் வந்தா. நான்தான் விடல. நாளைக்கு யாரு இவளைக் கட்டுவாங்க, நாலு பேரு இன்னா சொல்லுவாங்கன்னு அதட்டினேன். ஜெபம் பண்றோம் இல்ல, அது போதும்னேன். மறைக்காமச் சொல்றேன், அது விசுவாசம் இல்லைங்க. வெட்கம்.

ஜெபம் நிஜமாவே பண்ணேன். ஈஸ்டருக்குள்ள இவளைச் சிரிக்க வெச்சுடுன்னு ஆண்டவருக்கே கெடு வெச்சேன். ஈஸ்டர் வந்துச்சு. அமலி எடுத்த புது சுடிதார் கவர் பிரிக்காமக் கிடந்துச்சு. அன்னிக்குப் பூசையில என்னால வாய் திறந்து பாட முடியல.

சவாரி நடுவுல வீட்டுக்கு ஓடி வந்துடுவேன். தோசையோட முறுகின ஓரத்தை மட்டும் பிச்சுக் கொடுத்தா ரெண்டு வாய் சாப்பிடுவா. நடுவுல இருக்கிறதெல்லாம் எனக்கு. அந்த வீட்ல சதை போட்டது நான் ஒருத்தன்தான். பக்கத்துல உக்காந்து, வண்டியில யாரு சேவலோட ஏறினாங்க, யாரு யாரோட சண்டை போட்டாங்கன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். பதில் வராது. ஒரு நாள் வந்துச்சு.

"நான் இல்லன்னா நீங்க நிம்மதியா இருப்பீங்க நைனா."

அன்னிலேர்ந்து அமலி வேலைக்குப் போகல, ஸ்டெல்லாவைத் தனியா விடல. நான் கெடு வெக்கறதை விட்டேன். "ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் தெரியல. எங்க பிள்ளை எங்களோட இருக்கணும். அதுக்கு என்ன செய்யணும்னு காட்டு"ன்னு கேட்டேன். தினமும் அதே ஜெபம்தான்.

ஜூன் மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை. பதினோரு மணி இருக்கும். ஸ்டாண்டுல ஆள் நிரம்பி வண்டியை எடுக்கப் போறேன். எதிர்ல ஸ்டெல்லா நடந்து வரா. தலைவிரி கோலம். கால்ல செருப்பு இல்ல. தண்ணி பிடிக்க அஞ்சு நிமிஷம் குழாயடிக்குப் போன அமலி, காலிக்குடத்தோட பின்னாடியே ஓடி வரா. மூணு மாசமா வாசப்படி தாண்டாத பிள்ளை, என் வண்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

"நைனா, எனக்கு என்னைப் பார்த்தாலே பயமா இருக்குது. அம்மா சொன்ன டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

எறங்கச் சொல்லலாம்னு வண்டியில இருந்தவங்க பக்கம் திரும்பினேன். பூக்கூடையோட இருந்த ஒரு அம்மா முதல்ல எறங்கினாங்க. மத்தவங்களும் எறங்கிட்டாங்க. ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கல. அந்தப் பூக்கார அம்மா தன் செருப்பைக் கழட்டி ஸ்டெல்லா காலுக்கு முன்னாடி வெச்சு, "போட்டுக்கோ கண்ணு, தார் சுடுது"ன்னாங்க. நாலு பேரு இன்னா சொல்லுவாங்கன்னு அத்தனை மாசம் பயந்தேனே, அந்த நாலு பேரு இவங்கதான்.

டாக்டர் சின்ன வயசுப் பொண்ணு. எங்களை விட்டுட்டு ஸ்டெல்லாகிட்டயே பேசினாங்க. இது மனச்சோர்வு நோய், வைத்தியம் இருக்குது, யாரு மேலயும் தப்பு இல்லைன்னாங்க. ஜெபம் பண்ணலாமான்னு பயந்துகிட்டே கேட்டேன். தாராளமா பண்ணுங்க, மாத்திரையும் வேளாவேளைக்குக் கொடுங்கன்னு சொன்னாங்க. நான் கேட்ட ஜெபத்துக்கு அதுதாங்க பதில். அதை என் பிள்ளையே நடந்து வந்து எனக்குக் கொடுத்தா.

உடனே சரியாயிடல. முதல்ல கொடுத்த மாத்திரை ஒத்துக்காம மாத்தினாங்க. அக்டோபர்ல மறுபடியும் படுத்துட்டா. நாங்களும் மறுபடியும் போனோம். மாத்திரையோட, அவகிட்ட உக்காந்து பேசறதுக்கும் அங்க ஆள் இருந்தாங்க. இந்த வருஷம் பத்தாவது எழுதிப் பாஸ் பண்ணிட்டா. நானும் மாறியிருக்கேன். அதட்டறதை விட்டுட்டு, அமலி சொல்றதைக் காது கொடுத்துக் கேக்கறேன்.

போன வாரம்கூட ஒரு நாள் அவளால எழுந்திருக்க முடியல. பக்கத்துல போய் உக்காந்தேன். "இன்னிக்கு முடியல நைனா, நாளைக்கு எழுந்துக்கறேன்"ன்னா. அவ வாயால நாளைக்குன்னு கேட்டதுக்கே ஆண்டவருக்குக் கோடி நன்றி.

உங்க வீட்லயும் கதவைச் சாத்திக்கிட்ட பிள்ளை இருந்தா, என்னை மாதிரி மறைக்காதீங்க. ஆண்டவரை நம்புங்க, டாக்டர்கிட்டயும் போங்க. தனியா போகத் தயக்கமா இருந்தா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, என் வண்டியிலயே கூட்டிட்டுப் போறேன். நீங்க உள்ள போய்ப் பேசிட்டு வர்ற வரைக்கும், வெளியில பெஞ்சுல உக்காந்து உங்க பிள்ளைக்காக ஜெபமாலை சொல்லிக்கிட்டு இருப்பேன்.