கண்ணாடில ரெண்டு தலை

பேயி பிசாசெல்லாம் நான் நம்புனதே இல்லடா. ரப்பர் காட்டுல பேயப் பாத்தேன்னு உங்க தாத்தா வந்து நின்னா, மொதல்ல வாய ஊதிக் காட்டுய்யாம்பேன். ஆனா இது நடந்துச்சு. சிரிக்கிறியா? சிரி. ரோட்டப் பாத்து ஓட்டிக்கிட்டே சிரி.

ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்னாடி குளுவாங் பக்கம் எஸ்டேட்ல ரப்பர் பால் வெட்டிக்கிட்டு இருந்தேன். உங்கம்மாவுக்கு அப்ப நாலு வயசு. தொண்டைக்குள்ள வெள்ளையாப் படர்ந்து மூச்சு விட முடியல. தோட்டத்துல மருந்து குடுக்குற டிரஸர் பாத்துட்டு, "ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவலன்னா இன்னிக்குத் தாங்காதும்மா"ன்னுட்டாரு. வெள்ளத்துல ரயில் பாதையும் ரோடும் மூழ்கிக் கெடக்கு. சின்ன தொரைகிட்ட ரெண்டு பேரு உக்கார்ற பிளேன் ஒண்ணு இருந்துச்சு, மேல கூரைகூட கெடையாது. போயி கால்ல விழுந்துட்டேன்.

"ஏறு பொம்பளே"ன்னாரு. வெள்ளக்காரருக்குத் தோட்டத்துத் தமிழு நல்லா வரும், பாதி வசவுதான். நான் முன்னாடி, மடியில புள்ள, அவரு பின்னாடி. பேசறதுக்கு ஒரு ரப்பர் குழாய். எனக்கு மேல ஒரு கண்ணாடி, அதுல அவரு மூஞ்சி தெரியும்.

அந்த மனுசன் தலை சும்மாவே இருக்கலடா. உள்ள கடியாரமாட்டம் வட்டத்துல ஆடுற முள்ளப் பாக்குறாரு, வெளிய பாக்குறாரு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம், திரும்ப முள்ளு. கோழி மேயுற மாதிரி. "என்னாங்க தொரை, கழுத்துல சுளுக்கா?"ன்னு கொழாயில கேட்டேன். "ஒரே எடம் பாத்தா சாவு"ன்னாரு. அது எனக்குப் புரிஞ்சுச்சு. கத்தி மேலயே கண்ண வச்சுப் பால் வெட்டுனா, பின்னால புலி வந்து நின்னாலும் தெரியாதுல்ல.

அப்புறம் புடிச்சுது மழை. எண்ணெ அளவு காட்டுற முள்ளு ஆடுச்சாம், பின்னாடிதான் சொன்னாரு. அதையே பாத்துக்கிட்டு குனிஞ்சவரு நிமிரவே இல்ல. கூப்புட்டேன், "ம்"முன்னாரு, அவ்ளோதான். மடியில புள்ளைக்கு மூச்சு கீச்சு கீச்சுங்குது. கண்ணாடியப் பாக்குறேன், நம்புனா நம்பு, ரெண்டு தலைடா. ஒண்ணு குனிஞ்சிருக்கு. அதே தோள்லேருந்து இன்னொண்ணு நிமிந்து வலது பக்கம் பாக்குது.

அது பாத்த பக்கம் நானும் திரும்புனேன். மழைக்குள்ள மலை, மரத்துக் கெளையெல்லாம் தெரியுது. "மலை! தொரை, மலை!"ன்னு நான் கத்துன கத்துல வெடுக்குன்னு வண்டியத் தூக்குனாரு.

எறங்கும்போது தொரை கண்ணு கீழ தரையில. அலமாக், அடி ஆத்தா, இப்ப கண்ணாடில அந்த இன்னொரு தலை உள்ள திரும்பிக்கிச்சு. முள்ளப் பாக்கல. என் மடியப் பாத்துச்சு. வெடுக்குன்னு பின்னாடி திரும்புனா தொரை ஒருத்தருதான் இருக்காரு.

ஊசி போட்டாங்க, புள்ள பொழச்சிருச்சு. தொரைகிட்ட சொன்னா, பயத்துல உனக்கு மயக்கம்னு சிரிச்சாரு. ஆனா அடுத்த வாரம் பாத்தேன், பிளேன்ல அந்தக் கண்ணாடியக் காணோம். மாட்டியிருந்த கம்பி மட்டும் நிக்குது.

சரி, உங்கம்மா உன் காருல பின்னாடி உக்காந்தா இந்தக் கண்ணாடியப் பாத்து அப்பப்ப சிரிக்கிறாளே, கவனிச்சியா? உன்னப் பாத்துத்தான் சிரிக்கிறான்னு நெனச்சுக்கிட்டு இருந்தியா?

நீதான் ரோட்டப் பாக்குறியேடா.