முந்திரி இல்லாத பொங்கல்

எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. சுரங்கத்தில் மண் வெட்டும் அந்தப் பெரிய சக்கர மெஷினின் கேபினில் மட்டும்தான் ஒரு ஷிப்டு முழுக்க அசையாமல் உட்காருவேன். பத்தொன்பது வருஷமாக அது என் சீட்டு. அதனால்தான், "மூணு மாசத்துல சுகர் எறங்கலைன்னா மெஷின் ஓட்ட ஃபிட் குடுக்க மாட்டேன். லைட் டியூட்டிதான்" என்று டாக்டர் சொன்னதும் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. லைட் டியூட்டி என்றால் கேட்டில் நோட்டை வைத்துக்கொண்டு லாரி நம்பர் எழுதுவது. அதற்கு நான் செத்தே போகலாம்.

வீட்டில் வந்து சொன்னேன். மறுநாளே என் மனைவி சமையலறையைத் தலைகீழாகப் புரட்டிவிட்டாள். மைதாவும் ரவையும் பக்கத்து குவார்ட்டர்ஸுக்குப் போயின. பூரிக்குப் பதில் கம்பு அடை. போண்டாவுக்குப் பதில் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுச் சுட்ட கீரைப் பணியாரம். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொங்கலில் கை வைத்தாள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் முந்திரித் தோப்புகள் நிறைந்த காடாம்புலியூரில் பிறந்தவன். எங்கள் ஊர்ப் பொங்கலில் எந்தப் பக்கம் கரண்டி போட்டாலும் நெய்யில் வறுத்த முந்திரி வரும். இவள் சாமையில் செய்து, பேருக்கு நெய் காட்டி, மிளகைத் தூவி வைத்திருந்தாள்.

"என்னடி இது, கிளிக்கு வெக்கிற தீனியா? முந்திரி எங்க?"

"ரிப்போர்ட் நல்லா வரட்டுங்க. அன்னைக்கு கைநெறைய போடறேன்."

எங்கள் ஷிப்டில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் அவரவர் டப்பாவை அவரவர் தின்பதில்லை. தன் டப்பாவைத் தானே மூடி மூடித் தின்கிறவனுக்கு 'கருமி' என்று பேர் வைத்துவிடுவார்கள். என்னோடு மெஷினில் இருந்தவன் பக்கத்து வடக்குத்து ஊர்க்காரன், என்னைவிடச் சின்னவன். அவனுக்கும் சுகர் உண்டு, ஆனால் வீட்டில் மூச்சு விடவில்லை. அவன் டப்பாவில் புளிசாதமும் எண்ணெய் மினுக்கும் உருளைக்கிழங்கு வறுவலும் இருக்கும். முதல் நாள் ஒரு வாய் மாற்றிக்கொண்டோம். நாலாம் நாள் டப்பாவையே மாற்றிக்கொண்டோம்.

"அண்ணே, அண்ணி கைமணமே தனி" என்று அவன் சாமையை வழித்துத் தின்றான். நான் வறுவலை வழித்தேன். காலை ஷிப்டில் ரெண்டு வேளையும் டப்பாதான். நாங்கள் மாதக்கணக்கில் காலை ஷிப்டு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வியே அதுதான்.

"பொங்கல் எப்படி இருந்துச்சி?"

"நல்லாத்தான் இருந்துச்சி."

அவள் முகம் மலர்ந்துபோகும். நான் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு பிளாக்கை நாலு சுற்றுச் சுற்றுவேன். டாக்டர் சொன்னபடி நடக்கிறேன் என்று அதற்கும் சந்தோஷப்பட்டாள், பாவி மகள். அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் ஓடுகிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ரத்தம் கொடுப்பதற்கு முந்தின ரெண்டு நாளும் வெள்ளரிக்காயும் மோரும்தான். டாக்டரை ஏமாற்றிவிடலாம் என்று நினைத்தேன். ரெண்டு நாளாகப் பத்தியம் என்று நான் பெருமையாகச் சொன்னதும், ஊசி குத்திய நர்சம்மா சிரித்தாள். "சார், இது நேத்து சாப்பிட்டதைச் சொல்ற டெஸ்ட் இல்ல. மூணு மாசமா சாப்பிட்டதைச் சொல்லும்."

ரிப்போர்ட் வருகிற அன்று வீக்லி ஆஃப். ஃபேனைப் போட்டேன், நிறுத்தினேன். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். "கொஞ்சம் உக்காருங்களேன், எனக்குத் தலை சுத்துது" என்றாள் மனைவி. அப்போதுதான் வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. வடக்குத்துக்காரனின் பெண்சாதி, கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு.

"அக்கா, ஒங்களுக்குக் கோயில்தான் கட்டணும். எங்க வூட்டுக்காரருக்கு சுகர் இருந்ததே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். இப்ப எறங்கிடுச்சாம். மூணு மாசமா ஒங்க டப்பாவைத்தான் துன்னுக்கினு இருந்தாராம். அந்தச் சாமைப் பொங்கல எப்படி செய்யறீங்க, சொல்லுங்கக்கா."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு டம்ளர் சாமைக்கு எத்தனை தண்ணீர், எப்போது மிளகு என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். காபி கொடுத்து அனுப்பினாள். என் போனில் ரிப்போர்ட் வந்தது. முன்பைவிட ஏறியிருந்தது. காட்டினேன்.

"திட்டிடு. நாலு வார்த்தை நல்லா திட்டிடு" என்றேன்.

"எனக்கும் முந்திரின்னா உசுருங்க" என்றாள். "நீங்க வாயக் கட்டிக்கினு இருக்கும்போது நான் மட்டும் துன்னா நல்லாருக்காதுன்னு, மூணு மாசமா அந்தக் கிளித்தீனியத்தான் நானும் துன்னேன்."

இப்போது நான் கேட்டில் லாரி நம்பர் எழுதுகிறேன். மாற்றிக்கொள்ள ஆள் இல்லை. முதல் நாள் டப்பாவைத் திறந்தேன், சாமைப் பொங்கல். ஒரு வாய் வைத்தேன். அடடா, மிளகு வாசனையும் சிறுபருப்பும் சேர்ந்து அருமையாக இருந்தது. ஒரு பருக்கை விடவில்லை. சாயங்காலம் அவள் கேட்டதும் சொல்ல வேண்டும் என்று பரபரவென்று வீட்டுக்கு வந்தேன்.

அவள் டப்பாவை வாங்கிக் கழுவி வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.