எல்லைக் கல்லுக்கு இப்புறம்

தவறுதலாக ஆளைக் கொன்றவர்களுக்கு அடைக்கலம் தரும் எங்கள் ஊரான கேதேஸில் புகுந்தவர்களில் பெதாயாவைப் போல் குறைவாகப் பேசியவன் இல்லை. அவன் ஊரில், மழைக்கு முன் மண்கூரையை இறுக்க உருட்டிய கல்லுருளை கைநழுவிக் கீழே நின்றவன் மேல் விழுந்தது. இறந்தவன் சல்லூமின் தம்பி. முன்பகை இல்லை, வேண்டுமென்று செய்ததும் இல்லை என்று ஊர் வாசலில் நியாயம் பார்க்கும் எங்கள் மூப்பர்கள் விசாரித்துத் தீர்த்தார்கள், ஊர்க் கணக்கனான நான் எழுதினேன். சட்டப்படி, ஆலயத்தின் தலைமை ஆசாரியர் இறந்தால்தான் அவனுக்கு விடுதலை; அதுவரை பெதாயா எங்கள் எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும். எல்லைக் கல்லைத் தாண்டினால், தம்பிக்காகப் பழிவாங்கும் உரிமையுள்ள சல்லூம் அவனைக் கொல்லலாம், கேள்வி கிடையாது.

அப்போது அவன் மகள் எப்சிபாள் கைக்குழந்தை. அவன் இங்கே ஒலிவச் செக்கில் வேலை செய்தான்.

ஆசாரியரின் தாய் ஆண்டுதோறும் இங்கே அடைக்கலம் வந்தவர்களுக்கு அத்திப்பழ அடையும் சால்வையும் அனுப்புவாள், தன் மகன் சாக வேண்டுமென்று இவர்கள் வேண்டிக்கொள்ளக் கூடாதென்று. பெதாயா அடையைத் தின்றுவிட்டு, "கிழவி நல்லாத்தான் வளர்த்திருக்கா. அந்த மனுசனுக்கு ஒரு தும்மல்கூட வராது," என்பான்.

ஒவ்வோர் அறுவடை முடிந்ததும் சல்லூம் வந்து கல்லுக்கு வெளியே உட்காருவான். இந்த முறை பெதாயாவே அவனைத் தேடிப் போனான்.

"மகளுக்குக் கல்யாணம். ஒரு நாள் விடு. பார்த்துட்டு வந்துடறேன்."

"எங்கம்மா இன்னும் உசிரோட இருக்கா. நீ வெளிய வந்து நான் சும்மா நின்னேன்னா எனக்குச் சோறு போடமாட்டா."

"நீயும் கிழவனாயிட்ட, சல்லூம்."

"நீ மட்டும் என்ன, புதுமாப்பிள்ளையா?"

 சல்லூம் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டே, "பொண்ண இந்த வழியாக் கூட்டிட்டுப் போகச் சொல்றேன்," என்றான்.

சொன்னபடியே மாப்பிள்ளை ஊருக்குப் போகும் ஊர்வலம் எங்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தது. எப்சிபாள் கழுதையிலிருந்து இறங்கிக் கல்லைக் கடந்து உள்ளே வந்தாள். பெதாயா அவள் தலைமேல் கைவைத்து ஆசீர்வதிக்கத் தொடங்கினான். பாதியில் வார்த்தை மறந்துவிட்டது. வெளியே கழுதையின் கயிற்றைப் பிடித்திருந்தவன் சல்லூம்தான், இடுப்பில் கத்தியோடு.

அவள் மறுபடி ஏறினாள். மேளம் தொடங்கியது, ஊர்வலம் நகர்ந்தது. பெதாயா பெண்ணைப் பார்த்தபடியே பின்னால் நடந்தான். நான் கூப்பிட வாய் திறப்பதற்குள் சல்லூம் திரும்பினான்.

"காலைப் பாரு, பெதாயா. கல்லு இருக்கு. எனக்கு வேலை வைக்காத."

பெதாயா நின்றான். தூசி அடங்கியதும் சல்லூம் கல்லுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினான். பெதாயா இந்தப் பக்கம் உட்கார்ந்தான்.