தங்கை கேட்ட கேள்விகள்

எட்டாம் வகுப்பில் நான் எங்கள் பள்ளி வாசிப்பு மன்றத்தின் தலைவி. அந்தப் பதவியால் எனக்கு வந்த கௌரவம் முழுவதையும் என் சித்தி மகள் ஒருத்தியே காற்றில் பறக்கவிட்டாள்.

சித்தி நர்ஸ் வேலைக்குக் குவைத் போனபோது அவளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார். என்னைவிடச் சில மாதங்களே இளையவள், அதே வகுப்பு. ஆனாலும் எல்லார் முன்னாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் ஊர் அகரத்திலிருந்து திண்டுக்கல் பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் என்னை ஒட்டிக்கொண்டு வருவது போதாதென்று மன்றத்திலும் சேர வந்தாள். நான் வேண்டாமென்று அடம்பிடித்தேன்.

"அவளும் இருந்துட்டு வரட்டும். தனியா பஸ் ஏறி வந்து வீட்ல என்ன செய்யப் போறா?" என்று அம்மா முடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் மன்றம் கூடும். ஒவ்வொருவராக எழுந்து, படித்த கதையைச் சொல்லி, மனதைத் தொட்ட உணர்ச்சி எது என்று விளக்க வேண்டும். மற்றவர்கள் துணிவு, நட்பு, தியாகம் என்று கச்சிதமாகப் பேசி உட்காருவார்கள். பிறகு இவள் கை தூக்குவாள். அரசன் போருக்குப் போனபின் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது யார் என்பாள். விண்வெளிக்குப் போனவர் வீட்டுப் பூனை எங்கே படுத்தது என்பாள்.

"கதையில இருக்கிறத மட்டும் கேளுடி" என்று பல்லைக் கடிப்பேன்.

"கதையில இல்லன்னுதானக்கா கேக்குறேன்."

இத்தனைக்கும் ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை முடிந்து சித்தி வீடியோ காலில் வந்தால் இவள் ஒரு கேள்வியும் கேட்க மாட்டாள். 'ம்' மட்டும்தான்.

பொறுக்க முடியாமல் எல்லாரும் தமிழ் மிஸ்ஸிடம் போய் நின்றோம். அவளை மன்றத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றோம்.

"இந்த மாசத் தலைப்பு என்ன?" என்று மிஸ் கேட்டார்.

"சகிப்புத்தன்மை, மிஸ்."

"அப்ப சகிச்சுக்கங்க."

ஆண்டு விழாவில் பெற்றோர் முன்னிலையில் மன்றத்தின் சார்பாக நான் பேசினேன். மாலுமியாகி உலகைச் சுற்றிவந்த ஒரு தாயின் கதை. ராத்தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கும் அளவுக்குப் பழகியிருந்தேன். கைதட்டல் அடங்கியதும் சிறப்பு விருந்தினர், யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டுவைத்தார். நினைத்தபடியே அந்தக் கை எழுந்தது.

"அக்கா, அவங்க கப்பல்ல இருந்தப்ப மகளுக்குத் தல பின்னிவிட்டது யாரு?"

அரங்கமே சிரித்தது. விருந்தினரும் சிரித்தபடி, "நீயே சொல்லேன்மா" என்றார்.

"பெரியம்மாவா இருக்கும். ரொம்ப இறுக்கிப் பின்னிருப்பாங்க."

மறுபடி சிரிப்பு. என் பேச்சு யாருக்கும் நினைவில் இல்லை. பெற்றோர் வரிசையில் அம்மா மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் என்னைப் போலவே ஆத்திரம் என்று நினைத்துக்கொண்டேன்.

"அம்புட்டுப் பேர் முன்னாடி மானத்த வாங்கிட்டா. நீ ஏம்மா ஒரு வார்த்த கூடத் திட்ட மாட்டேங்குற?" என்று அன்று சாயங்காலம் புலம்பித் தீர்த்தேன். அம்மா அடுப்பில் ராத்திரிச் சோற்றுக்கான வெஞ்சனத்தைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கத்தினேன். உள்ளே அம்மா அவளுக்குப் பின்னுவதும் அவிழ்ப்பதும் மறுபடி பின்னுவதுமாக இருந்தார்.

"இம்புட்டு போதுமா, இன்னும் லூசா விடவா?"

ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். அதற்குப் போய் அவள் ஏன் அத்தனை நேரம் தலை குனிந்து ரிப்பனை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள், பஸ் போனால் போகட்டும் என்பதுபோல அம்மா ஏன் முடியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார் என்பது, வாசலில் நின்று எரிச்சல்பட்டுக்கொண்டிருந்த எனக்கு அன்று விளங்கவே இல்லை.