துடைத்தெடுத்த ஈரம்

2025 மே 4, ஞாயிறு, காலை 7.10. நெம்மேலியில் காற்றே இல்லை, ஒரே புழுக்கம். மூடிய கண்ணாடிக் குப்பிக்குள் வளர்த்த சிறு பெரணிச் செடியில் அன்று பச்சையாக இருந்தவை இரண்டே இலைகள்.

பக்கவாதத்தில் படுத்திருக்கும் என் மனைவி வசந்தாவுக்காக வாங்கிய செடி அது. புது இலை சுருள் விரிவதைப் பார்ப்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே சந்தோஷம். ஆவி படிந்து மறைக்கிறதே என்று தினமும் மூடியைத் திறந்து கண்ணாடியின் உட்புறத்தைத் துடைத்தேன். மண் காய்ந்ததும் வீட்டு போர்வெல் தண்ணீர் ஊற்றினேன்.

"இன்னிக்கி எத்தினி எலை?" என்றாள்.

"பதினாலு" என்றேன்.

"பொய் சொல்லாதீங்க. நான் பாத்துகினுதான் கீறேன்."

குப்பியை எடுத்துப் போய்க் காட்டியதும், செடி விற்ற நர்சரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா சார், அந்த ஆவிதான் அதுக்கு மழை. அதத் தொடைச்சிட்டு உப்புத் தண்ணிய ஊத்தினீங்களா? ஓட்டை இல்லாத பாட்டில்ல உப்பு எங்க சார் போவும்?"

இப்போது வேறு செடி வைத்திருக்கிறேன். துடைப்பதில்லை, மண் காய்ந்தால் மட்டும் நான்கு கரண்டி கேன் தண்ணீர். ஆனால் இன்னொன்றும் காய்வதைப் பார்க்க முடியாது, அதைக் கட்டிலருகே வைக்க வேண்டாம் என்று வசந்தா சொல்லிவிட்டாள். கூடத்தில் இருக்கிறது, நான் ஒருவன்தான் பார்க்கிறேன். செடிக்கும் குப்பிக்குமாக ஆன செலவு 615 ரூபாய்.